வராத வருத்தத்துக்கு நான் அளித்த வாக்கு

அன்புள்ள தம்பி,

நீ கோபத்தில் தொலைபேசியை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பவும் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தாலும் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளை அதட்டியவள், பெற்ற பிள்ளை நீ சத்தம் போட்டால் மட்டும் ஊமையாகிவிடுகிறேன். எழுதினால் நீ குறுக்கே கதைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். உன் ஊர்ச்சங்கத்து ஆட்களுக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர்களும் என்மேல் மனவருத்தத்தோடு இருக்கிறார்கள் என்று தெரியும். இது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் கனடாவில் இரண்டாவது தடவையாகப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். இம்முறை அது இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு மட்டும்தான், வேறு எதற்கும் தொடமாட்டோம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகசபையிடம் உறுதி வாங்கிய பிறகே அனுப்புவீர்கள் என்றாய். “இந்தமுறை உங்கடை கையிலை ஒண்டும் இல்லை அம்மா. அப்பாவுக்கு எதிரா ஒருக்காக் கை தூக்கினது காணும், போதும்” என்றாய். தூக்கினேன் என்பது உண்மை. நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கை எப்படி உயர்ந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே போவது முடிவு மட்டும்தான். முடிவுக்கு முன்னால் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பது கதிரைகளோடு அங்கேயே தங்கிவிடும்.

சிறுநீரகம் பழுதான அப்பா இரத்தம் சுத்திகரிக்கப் பட்டினத்துக்குப் போய்வருவதை நீ கைத்தொலைபேசியில் பார்த்ததோடு சரி. ஒன்றுவிட்ட ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன்னால், நிமலனின் ஓட்டோ வாசலில் வந்து நிற்கும். வழியில் மரமில்லாத வல்லை வெளியில் காற்றுப் பக்கவாட்டில் அடிக்கும்போது அப்பாவுக்குக் குளிரும். நான் போர்வையால் சுற்றிவிடுவேன். போகும்போது கதைத்துக்கொண்டு போவார். யாருடைய தோட்டத்தில் வெங்காயம் நட்டிருக்கிறார்கள், யாருடைய வீட்டில் மேல்மாடி எழும்புகிறது, எல்லாம் சொல்வார். திரும்பும்போது பேச்சே இருக்காது. மணிக்கணக்காக இயந்திரத்தில் கிடந்து எழும்பிய உடம்பு பிழிந்தெடுத்த துணி மாதிரி என் தோளில் சாய்ந்திருக்கும். ஓட்டோ பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஊசி ஏற்றிய கையை மற்றக் கையால் பொத்திக்கொள்வார். “ஊரிலை ஒரு மெசின் இருந்தால் இந்த மனிசன் இப்பிடி இழுபடத் தேவையில்லை” என்று உன்னிடம் முதன்முதலில் சொன்னவள் நான்தான். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். வேலையால் வந்த களைப்போடு வீடு வீடாகப் போனாய், மண்டபம் எடுத்து விருந்து வைத்தாய், பனிக்குள் நின்று நுழைவுச்சீட்டு விற்றாய். அதில் ஒன்றையும் நான் குறைத்து நினைத்ததில்லை.

நிமலனை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு ஊரில் வந்து குடியேறியவன், உன்னைவிட இளையவன். எங்கள் ஊர்த் தரும ஆஸ்பத்திரியின் படலைக்கு நேர் எதிரேதான் அவனுடைய ஓட்டோ நிற்கும். நோயும் வருத்தமுமாக வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் அவனுடைய பிழைப்பு. யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால், தாதிக்கு முன்னால் அவன்தான் ஓடிப்போய்ச் சக்கர நாற்காலி கொண்டுவருவான். ஒருநாள் பட்டினத்திலிருந்து திரும்பி, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்குவதற்கு அவன் பக்கத்தில் வந்து நின்றான். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “நிமலன், உன்ரை காலிலை என்னடா?” என்றார். அவனும் குனிந்து பார்த்தான். வலது செருப்பு இரத்தத்தில் ஊறியிருந்தது. செருப்பின் அடிப்பக்கத்தால் ஏறிய ஆணி ஒன்று அதைத் துளைத்துப் பெருவிரலுக்குக் கீழே தசைக்குள் நின்றது. அதே காலால்தான் வழியெல்லாம் பிரேக்கை மிதித்து வந்திருக்கிறான்.

“நோகேல்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லை ரீச்சர். ஒண்டும் தெரியேல்லை” என்று சிரித்தான். நோகாததை ஏதோ நல்ல காலம் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. நான் உயிரியல் படிப்பித்தவள். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். மருத்துவர் சிவாஜினி அவனுடைய விரலில் குத்திச் சீனி பார்த்தபோது கருவியில் இலக்கமே வரவில்லை. அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்ற அடையாளம் மட்டும் வந்தது. பட்டினத்துக்கு அனுப்பினார்கள். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். புண் ஆறாமல் மேலே ஏறவே, பாதத்தின் முன்பக்கத்தையும் எடுத்தார்கள். இப்போது அந்த ஓட்டோவை அவனுடைய மச்சான் ஓட்டுகிறான். நிமலன் வீட்டு விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான். நான் பார்க்கப் போயிருந்தபோது அவனுடைய மனைவி கலா தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்: “ரீச்சர், இவர் இவ்வளவு காலமும் ஆஸ்பத்திரி வாசலிலைதானே நிண்டவர். ஒருத்தரும் ஒருக்கா உள்ளை கூப்பிட்டுப் பாக்கேல்லையே, ஏன்?”

அவள் குற்றம் சாட்டவில்லை, தம்பி. உண்மையாகவே விடை தெரியாமல் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரனாக உள்ளே வருகிறவனைத்தான் தெரியும். வாசலில் நிற்கிறவனை ஓட்டோக்காரனாகத்தான் தெரியும். ஓய்வு பெற்றதிலிருந்து நான் அந்த நிர்வாகசபையில் இருக்கிறேன். கூரை ஒழுக்கைப் பற்றிப் பேசியிருக்கிறோம், மின்பிறப்பாக்கியைப் பற்றிப் பேசியிருக்கிறோம், மலசலகூடத்தின் கதவு நிறத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் சண்டை பிடித்திருக்கிறோம். இன்னும் வருத்தம் வராதவர்களுக்கு, அல்லது வந்தும் தெரியாதவர்களுக்கு, நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருவராவது கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் உங்கள் முதல் பணம் வந்தது. சிறுநீரக வருத்தத்துக்காக என்று சொல்லி அனுப்பினீர்கள். நீங்கள் மனதில் வைத்தது இயந்திரம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லில்தான் அது இருக்கவில்லை. கூட்டத்தில் மருத்துவர் சிவாஜினி எழும்பி, அந்தச் சொல்லுக்குள் இன்னொன்றும் அடங்கும் என்றார்.

“மெசின் வாங்கலாம். ஆனா அது தனிய வேலை செய்யாது. சுத்தமான தண்ணிக்கு வேறை ஏற்பாடு வேணும். மெசினிலை பழகின நேர்ஸ் மிஸ்ஸிமார் வேணும். வருசா வருசம் வாற செலவு வெளிநோயாளர் பக்கத்தைத்தான் தின்னும். எல்லாம் செய்தாலும் ஒரு கொஞ்சப் பேருக்குத்தான் காணும். அதே காசிலை ஏறி ஓடித்திரிய ஒரு வானும் ரண்டு மிஸ்ஸிமாரும் எண்டால், நான் சந்தையடிக்குப் போவன், மீன் இறங்கிற இடத்துக்குப் போவன், ஓட்டோ நிக்கிற இடத்துக்குப் போவன். பிரஷரும் சீனியும் பாத்து, குளிசை குடுத்து, வராதவையைத் தேடிப் போகலாம். சிறுநீரகம் பழுதாகிறதே கூடுதலா அந்த ரண்டாலைதான். கொஞ்ச வருசத்தாலை மெசினுக்கு வாற ஆக்கள் குறைவினம்.”

பொருளாளர் தேவராசா ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. ஆஸ்பத்திரித் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருகிறவர். அவர் மெதுவாகத்தான் கேட்டார்: “குறைவினம் எண்டுறியள் டொக்டர். ஆர் குறைஞ்சது எண்டு எனக்குக் காட்டுவியளோ? வராத வருத்தத்துக்கு ஆர் காசு தருவினம்? மெசின் எண்டால் கொண்டுவந்து வைக்கலாம். படம் எடுத்து அனுப்பலாம். இந்தா, உங்கடை காசு எண்டு காட்டலாம். அந்தப் பிள்ளையள் பனிக்குள்ளை நிண்டு சேத்த காசு இது. அவையள் நினைச்சதுக்கு மாறாச் செய்யிறது சரியோ?”

அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போதும் பட்டது, இப்போதும் படுகிறது. மருத்துவர் சொன்னதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிப்பதில்லை. பிறகு தலைவர், “மாஸ்டரை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ” என்று உன் அப்பாவைச் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் அறை முழுவதும் உன் அப்பாவாகிவிட்டது. அவருடைய வெளிறிய முகம், கையில் புடைத்துக்கொண்டிருக்கும் நரம்பு, ஓட்டோவில் அவர் சாய்ந்திருக்கும் கோலம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வானால் தப்பக்கூடியவன் யார்? அவனுக்கு முகம் இல்லை. அவன் எங்கேயோ வெற்றிலை போட்டுக்கொண்டு, சோடா குடித்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பான். தனக்காக ஒரு கூட்டம் நடப்பதே அவனுக்குத் தெரியாது. முகம் உள்ளவரும் முகம் இல்லாதவரும் ஒரே மேசையில் போட்டியிட்டால் யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரியோ சின்ன ஆஸ்பத்திரியோ, எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். யாருக்கும் கெட்ட மனம் இல்லை. இரக்கம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறவனிடம் முதலில் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

என்னை விட்டு எண்ணினால் இரண்டு பக்கமும் சமனாக நின்றது. தலைவர் என்னிடம், “ரீச்சர், நீங்கள் வேணுமெண்டால் விலகியிருங்கோ. இது உங்கடை வீட்டு விசயம். ஒருத்தரும் குறை நினைக்கமாட்டம்” என்றார். நான் விலகியிருந்தால் சமனாக நின்றால் தலைவர் போடும் தனி வாக்கால் இயந்திரம் வந்திருக்கும். என் கையும் சுத்தமாக இருந்திருக்கும், என் புருஷனுக்கும் சுகமாக இருந்திருக்கும். விலகுவதுதான் முறை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விலகினால் எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரிந்துகொண்டு விலகுவதும் ஒரு வாக்குத்தானே? கலா கேட்டது எனக்குள் கிடந்து குடைந்தது. வானுக்குக் கை தூக்கினேன். மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். தேவராசா என்னைப் பார்க்காமல் தன் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்.

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“மெசின் எப்ப வருதாம்?”

“மெசின் வராது. வான் வாங்குகினம்.”

“ஆர் ஆர் வானுக்கு?” என்றார்.

“சரிசமனா நிண்டது. நான் வானுக்குக் கை தூக்கினன்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னை நினைச்சுப் பாத்தனீரோ?”

“ஓம். நினைச்சனான்.”

“நினைச்சும் தூக்கினனீர்” என்றார்.

சத்தம் போடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து கனநாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. சோறு தந்தால் சாப்பிட்டார், குளிசை தந்தால் விழுங்கினார். ஓட்டோவில் போகும்போது நிமலனின் மச்சானோடு கதைத்தார், என்னோடு இல்லை. திரும்பும்போது என் தோளில் சாயாமல் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்பியைப் பிடித்த கையைத்தான் நான் பார்த்துக்கொண்டு வருவேன். உனக்குத் தெரியும், நாங்கள் கோபித்துக்கொண்டாலும் ஒரு பின்னேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை.

வான் ஓடத் தொடங்கியது. ஊரே திரண்டு வந்து பரிசோதித்துக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வல்வெட்டித்துறைக் கரையில் வள்ளங்கள் வந்து சேரும் நேரம் பார்த்து நாங்கள் போய் நின்றால், ஆண்கள் வலையைக் காரணம் காட்டி ஒதுங்குவார்கள். “எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, அங்கை இருக்கிற கிழவரைப் பாருங்கோ” என்பார்கள். நானும் சில நாட்கள் கூடப் போனேன், படிப்பித்த பழக்கத்தில் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார்த்துவதற்கு. ஒரு மனிதர், மரத்தூண் மாதிரி உடம்பு, பகிடிக்குத்தான் கையை நீட்டினார். பிரஷர் பயப்படும் அளவில் இருந்தது. குளிசை கொடுத்து, அடுத்த கிழமை வரச் சொன்னோம். அடுத்த கிழமை அவர் வந்தது எங்களோடு சண்டை பிடிக்க. “நல்லா இருந்த மனிசனை வருத்தக்காரன் ஆக்கிப்போட்டியள். குளிசை போட்டாப் பிறகுதான் தலை சுத்துது” என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினார். மருத்துவர் சிவாஜினி அந்த மனிதரோடு மணலில் உட்கார்ந்து, குளிசையை மாற்றிக் கொடுத்து, அவருடைய மனைவியையும் கூப்பிட்டுக் கதைத்து, ஒருமாதிரி வழிக்குக் கொண்டுவந்தார். இப்போதும் ஒழுங்காகப் போடுகிறாரா என்று தெரியாது. சிலர் ஒழுங்காக வருகிறார்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம். சிலர் இரண்டு தடவை வந்துவிட்டு மறைந்துவிடுகிறார்கள். தாதி அவர்களுடைய வீட்டைத் தேடிப் போனால் நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு.

அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வல்லை வெளியில் தெருவுக்குக் குறுக்கே வெள்ளம் ஓடியது. அப்பா போகவேண்டிய நாளில் ஓட்டோ பாதி வழியில் நின்று திரும்பிவிட்டது. அடுத்த நாள் மத்தியானம் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. உடம்பிலிருந்து போகவேண்டிய நீர் போகாமல் நெஞ்சில் ஏறிவிட்டது. கால் வீங்கி, உதடு கறுத்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “படுக்க ஏலாது, படுக்க ஏலாது” என்றார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, அந்த வானிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். வெள்ளம் சில்லுக்கு மேலால் ஓடியது. நான் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு இயந்திரம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கும், நான் ஒரு கையைத் தூக்காமல் விட்டிருந்தால். அந்தத் தண்ணீருக்கு நடுவில் நான் செபிக்கவில்லை, தம்பி. அந்தக் கையைத்தான் சபித்தேன். இதை இதுவரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் தப்பினார். ஆனால் இருதயம் அன்றைக்குப் பிறகு பழைய மாதிரி இல்லை. உனக்குத் தொலைபேசியில் “மழைக்குள்ளை கொஞ்சம் கஷ்டப்பட்டிட்டார்” என்று மட்டும் சொன்னேன்.

பட்டினத்து ஆஸ்பத்திரி வாட்டில் அவர் கண் திறந்து என்னோடு கதைத்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் கதை. “நீர் செய்தது சரியெண்டு நான் சொல்லமாட்டன். பிழையெண்டு சொல்லவும் ஏலாமல் கிடக்கு” என்றார். பிறகு, தான் இளமையில் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை வைத்தியர் வந்து எல்லா ஆசிரியர்களையும் பரிசோதித்ததைச் சொன்னார். அன்றைக்கே அவருக்குப் பிரஷர் இருந்திருக்கிறது. குளிசையும் தந்தார்களாம். அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தோம். உன்னைத் தூக்கிக்கொண்டு போனோமே தவிர குளிசையை யார் நினைத்தார்? திரும்பி வந்த பிறகும் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. யாரும் தேடி வந்து கேட்கவும் இல்லை. “ஆரும் ஒருக்காத் தேடி வந்திருந்தால் போட்டிருப்பன் போலை” என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. தன் பாட்டில் யோசித்துச் சொன்னார். எனக்கு ஆறுதலாகவும் இருக்கவில்லை. நான் அவருடைய மனைவி, உயிரியல் ரீச்சர். அந்த ஒருமுறை நானே கேட்டிருக்கலாம்.

போன மாதம் வானைப் பற்றி மீளாய்வுக் கூட்டம் நடந்தது. தேவராசா பழைய கேள்வியைத்தான் வேறு மாதிரிக் கேட்டார்: “டொக்டர், இந்த வான் எத்தினை பேரைக் காப்பாத்தினது?” மருத்துவர் சிவாஜினி எத்தனை பேருக்குப் பரிசோதித்தோம், எத்தனை பேர் குளிசை எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “ஆனா தப்பினவை ஆரெண்டு எனக்குத் தெரியாது ஐயா. அவைக்கும் தெரியாது” என்றார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாகக் கை தூக்கியிருப்பார்கள். இந்த வருட முடிவு வரை வானை ஓட்டுவது, பிறகு பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். உன் சங்கத்தின் செய்தி வந்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் கேட்கும் உறுதியைத் தலைவர் தருவார். ஒரே நேரத்தில் இயந்திரத்தையும் வானையும் தாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பலம் இல்லை. இயந்திரம் வந்தால் வான் நிற்கும். மருத்துவர் சிவாஜினியும் வேறு ஆஸ்பத்திரி தேடிப் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பணத்தை வானுக்கு அனுப்பு என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்க எனக்கு உரிமையில்லை. முடிவை மட்டும் அங்கேயே எடுத்து அனுப்பாதே. பணத்தை ஒன்றுக்கென்றே கட்டிப்போட்டு அனுப்பினால் இங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள். யோசிக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் சுகம். கூட்டத்துக்குத் தொலைபேசியில் நீயும் வா. தேவராசா சொல்வதைக் கேள், சிவாஜினி சொல்வதைக் கேள், கலாவையும் கூப்பிட்டு உட்கார்த்தச் சொல். எந்த மேசையில் எந்த முடிவு எடுப்பதானாலும், இந்த அறையில் இல்லாதவன் யார் என்று ஒருமுறை கேட்டுப் பழகு. கேட்டுவிட்டு இயந்திரம்தான் என்று முடிவெடுத்தால் நானும் அதற்குக் கை தூக்குகிறேன்.

இன்னொன்று. அன்றைக்கு நீ கத்தும்போது இடையிடையே மூச்சு வாங்கினாய். நீ என்ன சொன்னாய் என்பதைவிட எனக்கு அதுதான் கேட்டது. அப்பாவுக்குப் பிரஷர் என்று சொன்னபோது அவருக்கு உன் இப்போதைய வயதுகூட ஆகவில்லை. இரவு வேலை, வழியில் வாங்கும் சாப்பாடு, நித்திரை இல்லை. நீ கடைசியாக எப்போது பரிசோதித்தாய் என்று கேட்டால் “எனக்கு ஒண்டுமில்லை அம்மா” என்பாய். கரையில் எத்தனையோ பேர் அதே சொல்லைச் சொல்லக் கேட்டுவிட்டேன். என்னோடு கோபமாகவே இரு, ஆனால் இந்தக் கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

உனக்கு எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “அவனுக்கு எழுதும், எனக்காக ஒண்டும் செய்ய வேண்டாமெண்டு. நான் இருந்து முடிச்சவன். இனி வாறவையைப் பாக்கச் சொல்லும்” என்றார். சொன்னபடியே எழுதிவிட்டேன். கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்தினால் என் பக்கம் வென்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வசதியில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட்டு எடுக்கும் முடிவுகளை அந்தக் கூட்ட அறையில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அதனால் இதையும் சொல்கிறேன்.

போன கிழமை பட்டினத்திலிருந்து திரும்பும்போது, வீட்டுக்குப் போகாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் ஓட்டோவை விடச் சொன்னார் அப்பா. கிழக்குப் பக்கத்தில் ஒரு வெறும் அறை இருக்கிறது, இயந்திரம் வந்தால் வைப்பதற்கென்று முன்பு பேசிய அறை. அதன் யன்னலுக்கு நேராக ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்க அவரால் முடியவில்லை. இருந்தபடியே கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, உடைந்த கதிரைகள் மட்டும். கனநேரம் பார்த்துவிட்டு என்னிடம், “கட்டிலை இந்தப் பக்கமாப் போட்டால் வெளியிலை வேம்பு தெரியும், என்ன?” என்றார்.

நான் “ஓம்” என்றேன்.

“சரி, வீட்டை போவம்” என்று ஓட்டோக்காரனிடம் சொன்னார்.

உன் அம்மா